அம்மாவின் போர்வையும் பாரிஸ் போர்வையும்



போன வாரம் பேத்தி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, இது ஓவியமா, போர்வையா?" என்று கேட்டாள். பழுப்பு, பச்சை, ரோஜா, கறுப்பு என்று பல நிறத் துணித் துண்டுகள்; உருவம் எதுவும் இல்லை. "இரண்டும்தான்" என்றேன்.

அதைத் தைத்தவர் சோனியா டெலோனே. இன்றைய உக்ரைனில் 1885-இல் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஓவியர். 1911-இல் மகன் பிறந்தபோது, ஊர்ப்பக்கத்துக் குடியானவர் வீட்டுப் போர்வைகளை நினைவில் வைத்து, துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார். முடித்த பிறகு பார்த்தால், அது அன்று பாரிசில் புதிதாகப் பேசப்பட்ட கியூபிச ஓவியம் போலவே இருந்தது! நிறத்துக்குப் பக்கத்தில் நிறத்தை வைத்தே படம் பேசும் என்ற எண்ணத்தை அவரும் ஓவியரான கணவர் ராபர்ட்டும் வளர்த்தெடுத்தார்கள். 1914-இல் தெரு மின்விளக்கின் ஒளியை வண்ண வட்டங்களாக்கிப் பெரிய ஓவியம் ஒன்றை சோனியா வரைந்தார்.

1917 ரஷ்யப் புரட்சியோடு பிறந்த வீட்டு வருமானம் நின்றது. துணியும் ஆடையும் வடிவமைத்துக் குடும்பத்தைக் காத்தார். 1964-இல் லூவர் அருங்காட்சியகத்தில் அவர் ஓவியங்கள் வைக்கப்பட்டன. உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெருமை பெற்ற முதல் பெண் ஓவியர் அவர். அந்தப் போர்வை இன்று பாரிசின் பாம்பிடு மையத்துச் சேகரிப்பில் இருக்கிறது.

வகுப்பில் அரூப ஓவியம் பற்றிச் சொன்னபோதெல்லாம் காண்டின்ஸ்கி, மோண்ட்ரியன் என்று ஆண்கள் பெயரை மட்டுமே கரும்பலகையில் எழுதினேன். என் தவறு. உங்கள் பழைய நோட்டில் இந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறும் உண்டு. என் அம்மா பழஞ்சேலைத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை ஒன்று வீட்டில் இருந்தது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று தரையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். அவர் போன பிறகு, கந்தல்தானே என்று ஒரு போகியில் நானே நெருப்பில் போட்டேன். வரலாற்று வாத்தியார் செய்த வேலை அது!

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். தைத்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்