தியோடர் செட்ஜ்விக்: வக்கீல் மேசையும் சபாநாயகர் ஆசனமும்

1773 ஜனவரியில், மாசசூசெட்ஸின் மேற்கு மூலையிலுள்ள ஷெஃபீல்டு என்னும் சிற்றூரில், கர்னல் ஜான் ஆஷ்லியின் வீட்டில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பிரிட்டிஷ் அரசுக்கு எதிராகத் தீர்மானம் எழுதினார்கள். மனிதர் யாவரும் இயல்பில் சமமானவர், சுதந்திரமானவர் என்றது அத்தீர்மானம். குழுவின் எழுத்தர், தியோடர் செட்ஜ்விக் என்ற 26 வயது வக்கீல். அதே வீட்டில் அடிமையாக உழைத்துக்கொண்டிருந்தார் பெட் என்ற கறுப்பினப் பெண்.

கனெக்டிகட்டில் 1746-ல் பிறந்த செட்ஜ்விக் யேல் கல்லூரியில் பட்டம் பெறாமலே வெளியேறியவர். கிரேட் பாரிங்டனில் ஒரு வக்கீலிடம் தொழில் பழகி, 1766-ல் தாமே வக்கீலானார்.

ஆஷ்லியின் மனைவி ஒருநாள் அடுப்புக் கரண்டியை ஓங்கினார். இன்னொரு பெண்மேல் விழ இருந்த அடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, பெட் வீட்டைவிட்டு வெளியேறினார் என்று செட்ஜ்விக்கின் மகள் கேத்தரின் பின்னாளில் எழுதினார். பெட் தேடிப்போனது செட்ஜ்விக்கைத்தான். 1781-ல் பெட்டுக்காகவும், அவரைப்போலவே அடிமையாக இருந்த பிராம் என்பவருக்காகவும் செட்ஜ்விக் தொடுத்த வழக்கின் வடிவம் சட்டம் பயில்வோர் ரசிக்கத்தக்கது. ‘ரிப்ளெவின்’ என்பது ஒருவர் முறையின்றிப் பிடித்து வைத்திருக்கும் உடைமையை மீட்பதற்கான ஆணை. அதைக் கொண்டே இரு மனிதர்களை மீட்கக் கிளம்பினார். இவர்கள் ஆயுட்கால ஊழியர்கள், விடமுடியாது என்றார் ஆஷ்லி. மனிதரை உடைமையாக வைத்திருக்க முடியுமா என்ற கேள்வி இப்படி நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. 1780-ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் அரசமைப்பு, பிறப்பால் அனைவரும் சமம் என்று முதல் பிரிவிலேயே சொல்லியிருந்ததே! ஆகஸ்டில் ஜூரர்கள் இருவரையும் விடுவித்து, 30 ஷில்லிங் இழப்பீடும் விதித்தார்கள். மேல்முறையீடு செய்த ஆஷ்லி பிறகு அதைக் கைவிட்டார். கூலி தருகிறேன், திரும்பி வா என்று அவர் அழைத்தும் பெட் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் சூட்டிக்கொண்டு செட்ஜ்விக் குடும்பத்தில் ஊதியத்துக்கு வேலை பார்த்தார்.

இதே செட்ஜ்விக் 1789-ல் அமெரிக்காவின் முதல் காங்கிரஸின் கீழவைக்குப் போனார். 1791-ல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைப்பதற்கான மசோதாவை வரைந்த மூவர் குழுவில் அவரும் ஒருவர். அது நிறைவேறவில்லை, செனட்டில் உருவான வேறொரு மசோதாவே 1793-ல் சட்டமானது. மனம் மாறிவிட்டார் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏட்டில் இருப்பதை எடுத்து வாதாடும் வக்கீல் புத்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மாசசூசெட்ஸ் ஏடு சமத்துவம் பேசியது. ஓடிவந்தவரை ஒப்படைக்கச் சொன்னது கூட்டரசின் அரசமைப்பு ஏடு. அவர் இரண்டையும் ஒரே கண்ணால் படித்தார்.

1796-ல் செனட்டர், 1799-ல் கீழவையின் சபாநாயகர். ஃபெடரலிஸ்டுக் கட்சியில் ஊறிய அவர் சபாநாயகராக இருந்தபோதுதான், 1801 பிப்ரவரியில் அந்த அவை நடத்திய 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பின் எதிர்க்கட்சியின் ஜெஃபர்சன் அதிபராகத் தேர்வானார். அந்த வேளையில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

1802-ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகத்தையொட்டி எழுந்த ஒப்பந்தக் கடன் ஒன்று 1810-ல், கிரீன்வுட் எதிர் கர்டிஸ் வழக்காக அங்கே வந்தது. ஒப்பந்தம் செல்லும் என்றது பெரும்பான்மை. செட்ஜ்விக் உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார். கடன் வசூலாவதை அது தடுக்கவில்லை.