வரட்சியில் வாடும் மலையகம்

தைப் பிறப்போடு வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, நுவரெலியாவில் இரவுப் பனியும் பகல் வெயிலும் மாறிமாறி வருவது மலையக மக்களுக்குப் புதிதன்று. ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா பகுதித் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தேடித் தந்ததே ஜனவரி முதல் மார்ச் வரையான இந்த உலர்ந்த குளிர்காலந்தான். கொழுந்தின் வளர்ச்சி மந்தமடைய அதன் மணமும் சுவையும் செறிவடைகின்றன. ஆனால், சில வாரங்களுக்கு வரமாக அமையும் இவ்வுலர்நிலை மாதக்கணக்கில் நீளுமாயின், செடி துளிர்விடாது நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, மானாப்புல் காடுகளுக்கு விஷமிகள் தீ வைப்பதும் இக்காலத்திலேயே.

எல்லாச் செடிகளும் வரட்சியை ஒரே விதமாகத் தாங்குவதில்லை. விதையிலிருந்து வளர்க்கப்பட்ட பழைய தேயிலை, ஆணிவேரை ஆழமாகச் செலுத்தி நிற்பது. வெட்டுத்துண்டுகளிலிருந்து பெருக்கப்பட்ட பிற்காலச் செடிகள் அதிக விளைச்சல் தரினும், அவற்றின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது. அந்த மேல்மண்ணோ ஒன்றரை நூற்றாண்டு கால மழையில் பெருமளவு கரைந்தோடிவிட்டது. நிழல் மரங்களை வெட்டிவிட்டு அவ்விடத்தை வெறுமையாக விட்ட தோட்டங்களில் பாதிப்பு இரட்டிப்பாகிறது.

1991 ஆம் ஆண்டில் சுமார் 241 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 1992 வரட்சியில் சுமார் 179 மில்லியனாக வீழ்ந்தது. பெருந்தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டதும் அதே ஆண்டிலேயே. பின்னர் 2015 இல் சுமார் 329 மில்லியனாக இருந்த உற்பத்தி 2016 இல் சுமார் 292 மில்லியனுக்கு இறங்கியது. அதற்கு வரட்சியோடு, களைநாசினித் தடையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இவை தாழ்நிலச் சிறுதோட்டங்களையும் சேர்த்த தேசியக் கணக்குகள் என்பதை மறத்தலாகாது. ஹற்றன் பகுதித் தோட்டமொன்றின் மலையில் நேர்ந்தது இவ்வெண்களில் தெரியாது.

அந்த மலையில் நிகழ்வது இதுதான். நிர்வாகம் குறித்த கிலோவைப் பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மலையில் கொழுந்தே இல்லாதபோது அந்த நிறையை எட்டுவது எங்ஙனம்? பின்னர் வேலை நாட்களும் குறைக்கப்படுகின்றன. நெல் பொய்த்தால் விவசாயிக்கு நிவாரணம் வேண்டுமென்ற குரல் பாராளுமன்றத்தில் எழுகிறது, எழவும் வேண்டும். ஆயின், சொந்த நிலமில்லாத கூலித் தொழிலாளியை வரட்சியால் பாதிக்கப்பட்டவராக எவரும் எண்ணுவதில்லை. அந்தக் குடும்பத்தின் கடன் நகரத்துக் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. தமிழராயினும் முஸ்லிமாயினும் அந்தச் சிறு வியாபாரியும் சேர்ந்தே முடங்குகிறார்.

தண்ணீரின் கதை இதனினும் வேதனையானது. 1969 இல் அமைக்கப்பட்ட மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றும்போதெல்லாம் அந்நகரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளித் தெரிகின்றன. மக்கள் திரண்டு சென்று பார்க்கின்றனர். அதே நாட்களில், நாட்டுக்கே மின்சாரம் வழங்கும் அந்நீர்த்தேக்கங்களுக்கு மேலுள்ள லயன்களில் பீலி சொட்டுச் சொட்டாக வடிய, மலையில் நின்று களைத்து வந்த பெண்கள் குடத்துடன் வரிசையில் நிற்கின்றனர். 2025, 2026 ஆம் ஆண்டுகளில் நோன்பு மாதமும் இந்த உலர்காலத்திலேயே வந்தமை எமது வாசகர்கள் அறிந்ததே.

தோட்டங்களுக்குள் சேவையாற்றச் சட்டத்தில் இடமில்லை என்று பிரதேச சபைகள் நெடுங்காலம் கூறிவந்தன. 2018 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆகவே ஊற்றுக்கண்களை வேலியிட்டுக் காப்பதும், லயன்களுக்கு நீர்த்தாங்கி அமைப்பதும் இனிச் சபைகளின் பொறுப்பே. வேலை நாட்கள் குறையும் மாதங்களில் நிறைக் கணக்கைத் தளர்த்துவது பற்றித் தொழிற்சங்கங்கள் கம்பனிகளுடன் பேச வேண்டும். கொழுந்து நின்ற பிறகல்ல, மழை ஓயும் மார்கழியிலேயே அப்பேச்சு தொடங்கப்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.