பொதுவிதியும் சிறப்புவிதியும்: ‘மா’ என்னும் சொல்லும் நிரல்மொழி மரபும்

மதுரையினின்று அழகர்மலை நோக்கிச் செல்வார் மாமரங்களையும், அவற்றின் நிழலில் மேயும் விலங்குகளையும் ஒருங்கே காண்பர். இரண்டிற்கும் ‘மா’ என்பதே பழம்பெயர். ஒரு பெயர் இரு பொருட்கு உரித்தாயவிடத்துத் துணிபு எங்ஙனம் பிறக்கும்?

ஆகார ஈற்றுப் பெயர் வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லெழுத்து மிகும் என்பது தொல்காப்பியத்துப் பொதுவிதி. தாராவின் கால் ‘தாராக்கால்’ ஆதல் அதனான். ‘மா’ அதற்கு அடங்காது. மரமாயின் மாங்கோடு, விலங்காயின் மான்கோடு. பொதுவிதி இரண்டையும் தழுவுமேனும் சிறப்புவிதியே வலியுடைத்து. (மான்கோடு என்பது கலைமானின் கொம்போடு மயங்குதல் வேறு கதை.)

தொடரிலோ, வினையும் இனமும் சார்பும் பொருளைத் தெரிவிக்கும். மா தளிர்த்தது எனின் மரம். மா பாய்ந்தது எனின் விலங்கு. வையைக் கரையில் நின்று ‘ஆறு பிரிந்தது’ என்பானோ, நீரைக் குறித்தானா நெறியைக் குறித்தானா என்பது விளங்காது. வினை வேறுபடாத இத்தகைய இடத்துச் சொல்லுவோன் பொருளைக் கிளந்தே கூறல் வேண்டும் என்பது கிளவியாக்கத்துத் துணிபு.

நிரல்மொழியாரும் இச்சிக்கலை எதிர்ப்பட்டனர். எவ்வகைத் தரவிற்கும் ஒருபடியாகப் பொருந்தும் பொதுச் செயற்கூற்றினையும், ஒரே பெயரில் வெவ்வேறு உடலுடன் நிற்கும் பணிமிகுத்த செயற்கூறுகளையும் 1967-இல் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி தம் கோபன்ஹேகன் விரிவுரைகளில் பிரித்துணர்த்தினார். 1998-இல் தரம் பெற்ற சி பிளஸ் பிளஸ் மொழியில் இவ்விரண்டும் ஒரு பெயரில் கூடி நிற்கும். பொருத்தம் ஒத்தவழிச் சிறப்பே கொள்ளப்படும். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு: தசம எண்ணிற்கெனச் சிறப்புச் செயற்கூறு இருப்பினும், முழுவெண் வரின் பொதுவே வெல்லும், அதற்கு வகைமாற்றம் வேண்டாமையின். சிறப்பு என்னும் பெயர் மட்டும் வெற்றி தாராது. இரண்டு ஒத்து, ஒன்றனின் ஒன்று சிறப்பின்றேல் நிரல்பெயர்ப்பி மயக்கம் எனக் கூறி நிரலை மறுத்துவிடும்.

தொல்காப்பியர் கணிப்பொறியை முன்னுணர்ந்தார் என யாம் கூறவில்லை. அங்ஙனம் கூறுதல் அவர் நூலுக்கே இழுக்காம். வேற்றுமையும் சிறிதன்று. பெயரின்பின் வெறுங் கோண அடைப்பினை இட்டு அழைப்பின், சிறப்பினை விடுத்துப் பொதுச் செயற்கூற்றினையே கொள்ளுமாறு நிரலாளர் பணிக்கலாம். ‘மாக்கோடு’ எனக் கூறப் புலவர்க்கு அவ்வுரிமை இல்லை.