அம்மா கேட்ட ரெண்டு கேள்வி

சில வருஷம் முன்னால், தங்கை வீட்டில் ஆறு மாசம் இருந்த அம்மாவை ஊருக்குக் கூட்டி வர அமெரிக்கா போயிருந்தேன். திரும்பும்போது ஒரு விமான நிலையம், பெயர் வேண்டாம். அம்மாவுக்கு வலது முழங்காலில் உலோக மூட்டு வைத்திருக்கிறார்கள். கழுத்தில் தாலிக்கொடி, கையில் நாலு வளையல், இடுப்பில் சொருகிய கொசுவம். பாதுகாப்புச் சோதனைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடைக்குமா? :-)

கண்ணாடிக் கூண்டு மாதிரி இருந்த ஸ்கேனருக்குள் போய் ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார்கள். அம்மா வாசலிலேயே நின்று திரும்பிப் பார்த்தார்.

"டேய், இது எக்ஸ்ரேயா? உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதே?"

அடுத்ததைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "துணிக்கு உள்ள எல்லாம் தெரியுமாமே, நிஜமா?"

பின்னால் நீளமான வரிசை. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, போ" என்று சொல்லி அனுப்பிட்டேன். உண்மையில் எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த உறுத்தலில் அப்புறம் உட்கார்ந்து படித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

கதை 1895-ல் ஆரம்பிக்கிறது. அந்த நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பரில் தன் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்பும், விரலில் மோதிரமும் மட்டும் தெரியும் அந்தப் படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். உலகமே வாய் பிளந்தது. ஆபத்து பற்றி முதலில் யாரும் பெரிசாக யோசிக்கவில்லை. எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்ரே குழாய்களைத் தன் கையை வைத்தே சோதித்துக்கொண்டிருந்தவர், கைகளை இழந்து 1904-ல் இறந்தார். எடிசன் பயந்துபோய் அந்தப் பக்கமே போவதை விட்டார்.

அப்படியும் பாடம் படித்தார்களா? 1920-களிலிருந்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செருப்புக் கடைகளில் எக்ஸ்ரே பெட்டி வைத்தார்கள். குழந்தை காலை உள்ளே விட்டால், புது ஷூவுக்குள் விரல் எலும்புகள் அசைவதை மேலிருந்து அம்மாவும் கடைக்காரரும் எட்டிப் பார்க்கலாம். ஷூ பொருந்துகிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்தால் போதாதா என்று கேட்க ஆளில்லை. 1957-ல் பென்சில்வேனியா மாநிலம் தடை போட்டது, மற்ற இடங்களிலும் மெல்ல மெல்லக் காணாமல் போனது. அதிலிருந்து ஒரு எழுதாத விதி நிலைத்தது: மருத்துவத்தில் பலன் இருந்தால் ஒழிய மனுஷன் மேல் எக்ஸ்ரே அடிக்கக் கூடாது.

அந்த விதியை முதலில் மீறியவை விமான நிலையங்கள் அல்ல, சிறைகள் மாதிரி இடங்கள். 1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஸ்டீவன் ஸ்மித் என்பவர் செக்யூர் 1000 என்ற கருவியை உருவாக்கினார். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உடம்பை ஊடுருவிப் போய் மறுபக்கம் விழும். இதில் மெல்லிய கதிர் ஒன்று உடம்பை மேலும் கீழுமாகத் தடவும். தோலில் பட்டுத் திரும்பி வருவதை மட்டும் பிடித்துப் படமாக்குவார்கள். பேக்ஸ்கேட்டர் என்று பெயர். சதை நிறையக் கதிரைத் திருப்பி அனுப்பும், அதனால் வெளுப்பாகத் தெரியும். உலோகம் விழுங்கிவிடும், அது கறுப்பு. துணியோ கணக்கிலேயே வராது. அதாவது சுண்ணாம்பில் வார்த்த மாதிரி ஒரு நிர்வாண உருவம். (இந்தக் கறுப்பு வெளுப்பு கணக்கை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் வரும்.)

2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் டிஎஸ்ஏ என்ற அமைப்பு உருவானது. 2007-ல் ஃபீனிக்ஸ் விமான நிலையத்தில் பேக்ஸ்கேட்டரை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். நத்தை வேகத்தில் போய்க்கொண்டிருந்த விஷயத்தை ஒரே நாள் ஓட வைத்தது. 2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு ஏறிவிட்டான். சரியாக வெடிக்காமல் தீப்பிடித்ததில் பயணிகள் மடக்கிப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் அமெரிக்க விமான நிலையங்களில் ஸ்கேனர்கள் வரிசையாக வந்து இறங்கின. ஸ்கேனர் வேணும் வேணும்னு டிவியில் பேசிய முன்னாள் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் செர்டாஃபின் ஆலோசனை நிறுவனத்துக்கு, பேக்ஸ்கேட்டர் விற்ற ரேபிஸ்கேன் ஒரு வாடிக்கையாளர் என்பது அப்புறம் வெளியே வந்தது. நம்மூர் அரசியல் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இப்போ அம்மாவின் முதல் கேள்வி. 2010 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நாலு பேர் வெள்ளை மாளிகையின் அறிவியல் ஆலோசகருக்குக் கடிதம் எழுதினார்கள். நீங்கள் கதிரின் அளவை முழு உடம்புக்கும் பங்கு போட்டுச் சொல்கிறீர்கள், ஆனால் அது விழுவது தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தானே, வயசானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் பற்றித் தனியாகப் பார்த்தீர்களா, இயந்திரம் நடுவில் சிக்கி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விகள். அரசு, அளவு வரம்புக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது என்று பதில் சொன்னது. அமெரிக்கத் தர வரம்பு ஒரு ஸ்கேனுக்கு 0.25 மைக்ரோசீவர்ட். 2013-ல் மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கம் அளந்து பார்த்தபோது அதைவிடவும் மிகக் குறைவு. விமானத்தில் பறக்கும் 12 விநாடியில் வானத்திலிருந்து நம் மேல் விழும் கதிருக்குச் சமம் என்றார்கள்.

அப்போ விஷயம் முடிஞ்சுதா? கொலம்பியா பல்கலைக்கழகத்து டேவிட் பிரென்னர் வேறு கணக்குப் போட்டார். ஒரு ஸ்கேனால் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஒரு கோடியில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். தனி ஆளுக்கு அது ஒன்றுமே இல்லை. வருஷத்துக்கு நூறு கோடி ஸ்கேன் பண்ணினால் நூறு பேர். அதே வேலையை எக்ஸ்ரே இல்லாமல் செய்யும் கருவி பக்கத்திலேயே இருக்கும்போது இது எதற்கு என்பதுதான் அவர் வாதம். அந்தக் கருவிதான் மில்லிமீட்டர் அலை ஸ்கேனர். ரேடியோ அலை வகை. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 நவம்பரில் விதி எழுதியபோது எக்ஸ்ரே ஸ்கேனரைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. மான்செஸ்டரில் நடந்துகொண்டிருந்த பேக்ஸ்கேட்டர் ஒத்திகையும் 2012-ல் முடிந்தது.

ரெண்டாவது கேள்வி இன்னும் சுவாரஸ்யம். படத்தைப் பார்ப்பவர் தனி அறையில் இருப்பார், முகம் மறைக்கப்படும், எதுவும் சேமிக்கப்படாது என்று டிஎஸ்ஏ திரும்பத் திரும்பச் சொன்னது. எபிக் என்ற தனியுரிமை அமைப்பு தகவல் அறியும் சட்டப்படி ஆவணங்களைக் கேட்டு வாங்கியது. பார்த்தால், கருவிகளை வாங்கும்போது டிஎஸ்ஏ போட்ட நிபந்தனையிலேயே, சோதனை நிலையில் படத்தைச் சேமிக்கும் வசதி வேண்டும் என்று இருக்கிறது! ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ நீதிமன்ற வாசலில் வேறொரு அரசுத் துறை வைத்திருந்த மில்லிமீட்டர் அலைக் கருவி 35,000-க்கும் மேல் படங்களைச் சேமித்து வைத்திருந்ததும் 2010-ல் தெரிந்தது. மங்கலான படங்கள்தான். ஆனாலும் "முடியாது" என்று சொல்லப்பட்டது முடிந்திருக்கிறது.

ஸ்கேனர் வேண்டாம் என்பவர்களுக்குக் கையால் தடவிச் சோதனை. 2010 கடைசியில் அதையும் கடுமையாக்கினார்கள். அந்த டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் விமான நிலையத்தில் இந்தியத் தூதர் மீரா சங்கரையே தனியே நிறுத்தித் தடவிச் சோதித்தார்கள். புடவை கட்டியிருந்ததுதான் காரணம் என்று செய்திகள் வந்தன. மறு வருஷம் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்ட நம்ம அப்துல் கலாமின் கோட்டையும் ஷூவையும் கழற்றி வாங்கிச் சோதித்தார்கள். அப்புறம் அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது. தூதருக்கும் முன்னாள் ஜனாதிபதிக்கும் பேச ஒரு அரசாங்கம் இருந்தது. எங்கம்மாவுக்கு நான்தான், நானும் போம்மான்னு சொல்லிட்டேன்.

எபிக் வழக்கும் போட்டது. 2011 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஸ்கேனர் அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை, ஆனால் பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் கொண்டுவந்தது தப்பு என்று தீர்ப்பளித்தது. இனிமேலாவது கேளுங்கள் என்றது. கேட்டு, இறுதி விதி வெளிவந்தது 2016-ல்! ஐந்து வருஷம்.

பேக்ஸ்கேட்டரை ஒழித்தது நீதிமன்றமும் இல்லை, விஞ்ஞானிகள் கடிதமும் இல்லை. நிர்வாணப் படத்துக்குப் பதில் எல்லாருக்கும் ஒரே பொம்மைப் படம் காட்டும் மென்பொருள் கட்டாயம் என்று 2012-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மில்லிமீட்டர் அலைக் கருவிக்கு அது வந்துவிட்டது. ரேபிஸ்கேனால் கெடுவுக்குள் எழுத முடியவில்லை. 2013-ல் சுமார் 250 கருவிகளும் மூட்டை கட்டப்பட்டன.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. விமான நிலையத்தில் இருந்தவரைக்கும் இந்தக் கருவியைச் சுதந்திரமாகச் சோதிக்க வெளி ஆட்களுக்கு வழியில்லை, ரகசியம். 2012-ல் சில அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அரசு கழித்துப் போட்ட ஒரு செக்யூர் 1000-ஐ இபே தளத்தில் சுமார் 50,000 டாலருக்கு வாங்கிவிட்டார்கள்! ரெண்டு வருஷம் குடைந்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். கதிர் அளவு? அரசு சொன்னது சரி, குறைவுதான். துப்பாக்கி? காலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டால் தெரியவே இல்லை. உலோகம் கறுப்பு, உடம்புக்கு வெளியே இருக்கும் பின்னணியும் கறுப்பு. கறுப்பில் கறுப்பு எப்படித் தெரியும்? வெடிமருந்து மாதிரிப் பொருளைத் தோசை மாதிரி தட்டி வயிற்றில் ஒட்டினால் அதுவும் சதையோடு சதையாகப் போய்விட்டது.

எனக்கு இதைப் படித்தபோதுதான் உறைத்தது. ஐந்தாறு வருஷமாக ஒரு தட்டில் பாதுகாப்பு, இன்னொரு தட்டில் மானமும் உடம்பும் என்று தராசு பிடித்து ஊரே சண்டை போட்டிருக்கிறது. இந்தப் பக்கத் தட்டில் இருப்பதை மைக்ரோசீவர்ட் வரைக்கும் நிறுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத் தட்டில் இருந்ததை வெளியிலிருந்து யாரும் தொட்டுப் பார்க்கவே விடவில்லை. புதுக் கருவிகள் வந்த பிறகும் நிலைமை ஒண்ணும் ஓகோன்னு இல்லை. அரசின் சொந்த ஆட்களே பயணி வேஷத்தில் நடத்திய 70 சோதனைகளில் 67-ல் ஆயுதம் உள்ளே போனது என்று 2015-ல் செய்தி கசிந்து டிஎஸ்ஏ தலைவரை மாற்றினார்கள்.

இந்தியாவில் 84 விமான நிலையங்களில் பாடி ஸ்கேனர் வைக்கச் சொல்லி 2019-ல் உத்தரவு வந்தது. மில்லிமீட்டர் அலைதான், படம் சேமிக்கப்படாது என்றார்கள். சொன்ன கெடுவில் நடக்கவில்லை. இந்தியாவில் அம்மாவைச் சோதித்தது திரை போட்ட தடுப்புக்குள் ஒரு பெண் காவலர், கையில் டிடெக்டர். "கால்ல என்னம்மா, ஆபரேஷனா?" என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினாராம்.

அன்றைக்கு அமெரிக்காவில் அம்மா வெளியே வந்ததும் திரையில் ஒரு பொம்மை உருவம், அதன் இடுப்பிலும் நெஞ்சிலும் முழங்காலிலும் மஞ்சள் கட்டங்கள். ஒரு பெண் அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு வந்து கொசுவத்தைத் தடவிப் பார்த்தார். தாலியை வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார். அம்மா காட்டினார். முகத்தில் ஒண்ணும் காட்டிக்கொள்ளவில்லை. விமானம் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டதும்தான் பேசினார்.

"அந்தப் பொம்மைக்குத் தலைமுடியே இல்லையேடா, நான்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"