மேர்க்கல் கலப் புற்றுநோயில் நிணநீர்க் கணுப் பரிசோதனை

மேர்க்கல் கலப் புற்றுநோய் அரிதான, வேகமாகப் பரவும் தோல் புற்றுநோய். 1972இல் சிரில் டோக்கர் முதலில் விவரித்தார். இந்நோயாளர் பலரின் கட்டியில் காணப்படும் பொலியோமா வைரஸ் 2008இல் கண்டறியப்பட்டது. வெயில் படும் தோலில் வலியற்ற, சிவந்த அல்லது ஊதாநிறக் கட்டியாகத் தோன்றி சில வாரங்களிலேயே பெருக்கும். வலியில்லாததால் சாதாரணக் கட்டியென்று விட்டுவிடுவதே பெரிய ஆபத்து.

இந்நோய் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவலாம்; கையால் தடவிப் பார்த்துக் கணு வீங்கவில்லை என்பது போதாது. கணு வீங்காதவர்களிலும் ஏறத்தாழ மூன்றிலொருவருக்குக் கணுவில் புற்றுக் கலங்கள் ஒளிந்திருக்கும். ஆகவே கட்டியைச் சுற்றிக் கதிரியக்க டெக்னீசியமும் நீலச் சாயமும் செலுத்தி, நிணநீர் முதலில் சேரும் காவல் கணுவைக் கண்டு அகற்றுகிறார்கள். நீலச் சாயத்தால் காவல் கணுவைக் காணும் முறையை 1992இல் டொனால்ட் மோர்ட்டன் குழுவினர் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்காக வெளியிட்டனர். நோயியலாளர் சைட்டோகெரட்டின் 20 புரதத்தைக் காட்டும் சாயத்தால் அக்கணுவை ஆராய்வார். கட்டியை அகலமாக வெட்டுவதற்கு முன்போ, அதே சத்திரசிகிச்சையின் தொடக்கத்திலோ காவல் கணுவை அகற்றவேண்டும். பிந்தினால் நிணநீர்ப் பாதை குலைந்துவிடும். கணுவில் நோய் இருந்தால் அப்பகுதிக்குக் கதிர்வீச்சு, அல்லது எஞ்சிய கணுக்களை அகற்றுதல்.

கருந்தோலில் இந்நோய் மிக அரிது. ஆனாலும் இலங்கையின் பதுளை மாவட்டத்துப் பசறை, ஹப்புத்தளை, மடூல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் கைகளிலும் முகத்திலும் நாள்முழுதும் வெயில் வாங்கும் கொழுந்து பறிப்போரின் வளரும் கட்டியைத் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து பூசி அனுப்பிவிடக்கூடாது. பதுளை போதனா வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும்; அங்கு புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. தேசிய புற்றுநோய் நிறுவனமான அபேக்ஷா வைத்தியசாலை மஹரகமவில் உள்ளது.