பிரம்மி என்று எதைக் கேட்பது?

கொச்சியில் ஒரு வைத்தியரிடம் 'பிரம்மி' என்று கேட்டால், வாய்க்கால் ஓரச் சேற்றில் படர்கிற, சின்னச் சின்னத் தடித்த இலைகள் கொண்ட ஒரு செடி வரும். கசப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதே பெயரை ஹரித்வார் பக்கம் சொன்னால், பெரும்பாலும் வட்டமாக, காம்பு சேருமிடத்தில் பிளவுபட்டு, ஓரமெல்லாம் பற்கள் வைத்த இலை ஒன்றை நீட்டுவார்கள். தமிழ்நாட்டுக்காரர் அதைப் பார்த்ததும் சிரித்துவிடுவார். அது நம்மூர் வல்லாரை.

முதலாவது நீர்ப்பிரமி, தாவரவியலில் பகோபா மொன்னியேரி. இரண்டாவது சென்டெல்லா ஏசியாட்டிகா. இரண்டுக்கும் தாவரக் குடும்பமே வேறு. வல்லாரை கொத்தமல்லிக்கும் சீரகத்துக்கும் உறவு. நீர்ப்பிரமிக்கு அந்தப் பக்கத்துச் சொந்தமே கிடையாது. ஆனாலும் நினைவாற்றல் என்று பேச்செடுத்தால் இரண்டும் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன. மறதிக்கு மருந்தான மூலிகை எது என்பதே இப்படி மறந்துபோன கதை இன்று நேற்றையது அல்ல.

சரக சம்ஹிதை 'மேத்ய ரசாயனம்' என்ற தலைப்பில் அறிவுக்கூர்மைக்கு நான்கு பொருள்களைச் சொல்கிறது: மண்டூகபர்ணிச் சாறு, பாலில் கலந்த அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, சங்கபுஷ்பி விழுது. மண்டூகம் என்றால் தவளை. தவளை வாழும் ஈரத்தில் வளரும் இலை என்றும், தவளை போன்ற இலை என்றும் இரண்டு விதமாக விளக்குகிறார்கள். அது வல்லாரைதான் என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. சண்டை நான்காவதில். நான்கில் சங்கபுஷ்பியே விசேஷம் என்று நூல் சொல்கிறது. அந்த விசேஷமான செடி எது என்பதில்தான் ஊருக்கு ஒரு கருத்து. வடக்கே கன்வால்வுலஸ் இனச் செடி ஒன்றைக் காட்டுவார்கள். வேறு சிலர் விஷ்ணுகிரந்தியைச் சொல்வார்கள். கேரளத்திலோ வேலியில் படரும் நம் சங்குப்பூவே சங்கபுஷ்பி.

வங்காளத்தில் குழப்பம் குறைவு. அங்கே வல்லாரைக்கு 'தான்குனி' என்று தனிப் பெயர், அது வயிற்றுக்கு. படிக்கிற பிள்ளைகளுக்கு நெய்யில் வதக்கிச் சோற்றோடு தருவது 'பிராமி சாக்', அதாவது நீர்ப்பிரமி.

மலபாரிலும் இந்தப் பிரிவு தெளிவாகவே இருந்தது. அதற்கு அச்சிட்ட சாட்சி உண்டு. டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீடு கொச்சியில் இருந்துகொண்டு தொகுப்பித்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. செடிகளின் பெயரையும் குணத்தையும் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். 10-ஆம் தொகுதியில் இரண்டு செடிகளுக்கும் தனித்தனியாகப் படம் இருக்கிறது. ஒன்று பிரமி, மற்றது கொடகன். கொடகன் என்பது வல்லாரைக்கு மலையாளத்தில் இன்றும் புழங்கும் பெயர். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடான்சன், நீர்ப்பிரமியின் பேரினத்துக்கு 'பிரமி' என்றே பெயர் வைத்தார். அது நிலைக்கவில்லை, பகோபா என்ற பெயர் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வல்லாரை ஐரோப்பிய மருத்துவத்துக்குள் நுழைந்த வழி இன்னும் வேடிக்கையானது. நினைவாற்றல் என்ற பேச்சே அங்கே இல்லை. 1852-இல் மொரீஷியஸில் இருந்த புவாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர், தொழுநோய்க்கு இந்த இலை பயன்படுகிறது என்று எடுத்துச் சொன்னார். அந்தச் செய்தி இந்தியக் கரையைத் தொட்டதும் சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஹன்டர் அதைச் சோதித்தார். புதுச்சேரியில் மருந்தாளுநராக இருந்த லெப்பின் 1855-இல் இலையைப் பகுத்துப் பார்த்து, அதன் வாசனையும் சுவையும் கொண்ட எண்ணெய் போன்ற ஒரு பொருளைப் பிரித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வெல்லாரின்'. தெருவில் கீரைக்காரி கூவிய சொல்லே பிரெஞ்சு வேதியியல் ஏட்டுக்குள் போய் உட்கார்ந்த அழகு அது! பின்னால் வந்த வேதியியலில் அந்தப் பெயர் தங்கவில்லை.

1868-இல் வெளியான 'இந்திய மருந்து நூல்' வல்லாரைக்கு இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே சென்னையில் அதற்கு ஒரு துணை நூல் அச்சானது. எழுதியவர் திருவல்லிக்கேணி மருந்தகத்தைச் சேர்ந்த முகைதீன் ஷெரீப். மருந்துச் செடிகளுக்குத் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி என்று பல மொழிகளிலும் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, எது எதுவோடு குழம்புகிறது என்று பிரித்துக் காட்டுவதே அந்த நூலின் பெரும்பணி. பெயர் தவறினால் கடைக்காரர் வேறு மருந்தைக் கட்டிக் கொடுப்பார் என்பது அவருக்கு அன்றாட அனுபவமாகவே இருந்திருக்க வேண்டும். இவ்வளவு பயனுள்ள மனிதரைப் பற்றிச் சென்னையில் பேசுவோர் குறைவு.

தொழுநோய் வழியாகவே வல்லாரை மடகாஸ்கருக்கும் போனது. 1941-இல் அங்கே விளைந்த இலையிலிருந்து 'ஏசியாட்டிகோசைடு' பிரிக்கப்பட்டது. அதன் வழிவந்த களிம்புகளைப் புண் ஆற இன்றும் தடவுகிறார்கள். ஐரோப்பாவுக்கு அது தோல் மருந்து. நமக்கோ சரஸ்வதிக் கீரை.

அந்தச் செல்லப் பெயர் சும்மா வரவில்லை. வல்லாரை உண்டவனிடம் மல்லாடாதே என்பது பழமொழி. சித்த மருத்துவத்தில் வல்லாரைக் கற்பம் உண்டு, வல்லாரை நெய் உண்டு. கற்பமாக உண்பவர் புளியைத் தள்ள வேண்டும் என்பது பத்தியம். அடுப்படியில் அந்தச் சட்டம் செல்லாது. இலையை நல்லெண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பும் மிளகாய் வற்றலும் வறுத்துச் சேர்த்து, கசப்பை அடக்க ஒரு கோலி உருண்டைப் புளியும் வைத்து அரைத்தால்தான் துவையல் தொண்டைக்குள் இறங்கும். யாழ்ப்பாணத்தில் அடுப்பே வேண்டாம். கழுவிய இலையை மயிரிழையாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்தால் வல்லாரைச் சம்பல். பரீட்சை நெருங்கும்போது பிள்ளையின் தட்டில் அது கொஞ்சம் கூடுதலாக விழும்.

துவையலில் இருந்த நம்பிக்கையைக் குப்பியில் அடைத்தது லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம். அது எடுத்துக்கொண்டது வல்லாரையை அல்ல, நீர்ப்பிரமியை. 1960-களின் தொடக்கத்தில் அங்குள்ள வேதியியலாளர்கள் அதிலிருந்து 'பேக்கோசைடு' என்ற பொருள்களைப் பிரித்தார்கள். 1980-களில் எலிகளைப் பழக்கிப் பார்த்தபோது, சாறு கொடுத்தவை சீக்கிரம் கற்றன என்று அறிக்கை வந்தது. 1990-களில் அது 'மெமரி ப்ளஸ்' மாத்திரையாகக் கடைக்கு வந்தது. விற்றது சென்னையின் வெல்வெட் நிறுவனம், ஆம், சாஷே ஷாம்புவால் வீடு வீடாகத் தெரிந்த அதே பெயர்தான். விளம்பரத்தில் விசுவநாதன் ஆனந்த்! சதுரங்கம், மூளை, மாத்திரை என்று மூன்றையும் ஒரே படத்தில் பார்த்த பெற்றோர் வேறு விளக்கம் கேட்பார்களா? அந்தத் தலைமுறையின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு அந்த டப்பா நினைவிருக்கும்.

வேலை செய்ததா? 2002-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 40 முதல் 65 வயது வரையிலான 76 பேருக்கு மூன்று மாதம் நீர்ப்பிரமியோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். கற்கும் வேகம் கூடவில்லை. புதிதாகக் கற்றதை மறப்பது மட்டும் குறைந்தது. சிறிய ஆய்வு, சிறிய பலன். அதுவும் மாதக்கணக்கில் உண்டால்தான். பரீட்சைக்கு முந்தின வாரம் வாங்கித் தந்த அப்பாக்கள் காசைக் கரைத்தார்கள் என்றே சொல்லலாம். வல்லாரையின் நிலை இன்னும் சுமார். கிடைத்த சோதனைகளைத் தொகுத்து 2017-இல் வந்த மதிப்பீடு, அது விழிப்பையும் மனநிலையையும் சற்று மேம்படுத்தலாம் என்றது. நினைவாற்றலில் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க மேன்மை தெரியவில்லை. ஒரு செடிக்குக் கிடைத்த முடிவை மற்றதன் டப்பாவில் ஒட்டுவதற்கு 'பிரம்மி' என்ற பொதுப் பெயர் இன்றும் வசதியாக இருக்கிறது. லத்தீன் பெயரைப் பொடி எழுத்தில் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்?

பின்னாளில் வல்லாரை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நினைவாற்றல் மூலிகையாகவும் போனது சிங்களப் பெயரோடு: 'கொட்டுகொல'. 'கொல' என்றால் சிங்களத்தில் இலை. அங்கிருந்தவர்கள் காதில் அது கோலாவாக விழுந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் கோலாக் கொட்டை, அதாவது கோலா பானங்களுக்குப் பெயர் கொடுத்த கொட்டை, காஃபீன் நிறைந்தது. அதன் உறவுதான் இதுவும் என்று நினைத்துச் சுறுசுறுப்புக்காக வாங்கியவர்கள் உண்டு. வல்லாரையில் காஃபீனே கிடையாது என்று மூலிகை நூல்கள் தனியாகக் குறிப்புப் போட வேண்டியதாயிற்று.