கட்சிக்காரர் சொன்னது யாருக்குச் சொந்தம்?

தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் வாச்சாத்தி வழக்கில் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதமிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அதிகாரத்தை எதிர்த்து மலைவாழ் மக்கள் பெற்ற வெற்றியாகவே அந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அது உண்மை. ஆனால் அந்த வழக்குக்குள் அதிகம் எழுதப்படாத இன்னொரு வரலாறும் இருக்கிறது. தனக்கு நேர்ந்ததை ஒருவர் வக்கீலிடம் சொன்ன பிறகு, அந்தச் செய்தி யாருடையது? கட்சிக்காரருடையது, வக்கீல் அதற்குக் காவல் மட்டுமே. சட்டப் புத்தகத்தில் இந்தக் கொள்கை 1872-ஆம் ஆண்டிலேயே ஏறிவிட்டது. இந்த மாவட்டத்தில் அதன் உண்மையான மதிப்பு விளங்க, அதற்குப் பிறகு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றே நான் கருதுகிறேன்.

இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பாரமகால், 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து, விவசாயி ஒவ்வொருவர் மீதும் தனித்தனியாகத் தீர்வை விதித்தார்கள். ரயத்துவாரி முறை வேர்பிடித்த மண் இது. அதுவரை ஒருவருடைய நிலம், கடன், பாகத் தகராறு எல்லாமே ஊர்க் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னிலையில் பேசித் தீர்க்கப்பட்டவை. அங்கே மறைக்க ஒன்றுமில்லை, மறைக்கவும் முடியாது. தீர்வையும் உரிமையும் தனி ஆளின் பெயரில் காகிதத்தில் ஏறிய பிறகு, தகராறும் தனி ஆளின் தகராறாக மாறத் தொடங்கியது. 1802-இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்களுக்கான ஒழுங்குவிதிகள் வந்தன. ஊருக்குச் சொல்ல விரும்பாததை ஒருவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலை அப்படித்தான் உருவானது. சொல்லாவிட்டால் வழக்கே நிற்காது.

அந்த நிலைக்குச் சட்ட உருவம் கொடுத்தது ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம். கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய, வக்கீல் அவர் சொன்னதையோ, அவருடைய ஆவணத்தில் கண்டதையோ, தான் அவருக்குச் சொன்ன ஆலோசனையையோ வெளியிடக் கூடாது என்றது அதன் 126-ஆம் பிரிவு. வழக்கு முடிந்தாலும் அந்தக் கடமை முடிவதில்லை. இதைவிட என்னைக் கவர்வது 127-ஆம் பிரிவு. அது மொழிபெயர்ப்பாளரையும் வக்கீலின் குமாஸ்தாவையும் வேலையாட்களையும் அதே கட்டுக்குள் கொண்டுவந்தது. கட்டுகளைத் தூக்குகிறவர், வாய்தா தேதி சொல்கிறவர், வாசலில் காத்திருக்கும் கட்சிக்காரரிடம் முதலில் விவரம் கேட்கிறவர் குமாஸ்தாதான். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில், மொழிபெயர்ப்பவரின் வாய் எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் கீழ் அகில இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகளும் இக்கடமையை மீறக் கூடாது என்று சொல்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் 132-ஆம் பிரிவில் இதை அப்படியே வைத்திருக்கிறது.

இரகசியம் காப்பது குற்றவாளிக்குத்தானே வசதி என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் எழுதியவர்களே இதை யோசித்திருக்கிறார்கள். பொய்ப் பத்திரம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள் என்று ஒருவர் கேட்டால் அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு. இந்தப் பொய்ப் பத்திரத்தை வைத்து நிலத்தைப் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டால் பாதுகாப்பு இல்லை. நடந்துவிட்ட குற்றத்துக்காக வாதாடும் உரிமை வேறு, இனி நடக்கப்போகும் குற்றத்துக்குத் துணைபோவது வேறு. இந்தக் கோடு 126-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளிலேயே போடப்பட்டிருந்தது.

இனி வாச்சாத்திக்கு வருவோம். அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊருக்குள், 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நுழைந்தார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, கிணறு பாழாக்கப்பட்டது, நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். செய்தவர்களில் காவல்துறையினரும் இருந்ததால், புகார் சொல்லப் போக வேண்டிய இடமே இல்லாமல் போனது. அரசுத் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் ஜனநாயக மாதர் சங்கத்து மைதிலி சிவராமன் போன்றவர்களும் கேட்ட பிறகே உண்மை வார்த்தையாக வந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் தொடுத்த மனு உச்ச நீதிமன்றத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1995-இல் சிபிஐ விசாரணைக்கு வழி திறந்தது. வாழ்வின் மிகக் கொடிய நாளைப் பற்றி அந்தப் பெண்கள் சங்கத்தாரிடமும் வக்கீல்களிடமும் புலனாய்வாளர்களிடமும் நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னது தங்களுக்கு எதிராகத் திரும்பாது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இருபது ஆண்டுகள் யாரால் தாங்க முடியும்?

அவர்களுக்கு ஒரு தனிச் சட்டமும் துணையாக இருந்தது. காவல் நிலையப் பாலியல் வன்கொடுமை தொடர்பான மதுரா வழக்கின் தீர்ப்பு நாடெங்கும் எழுப்பிய கோபத்தால் 1983-இல் தண்டனைச் சட்டத்தில் 228-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது: பெயர் மட்டுமல்ல, ஆளை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரமும் வெளியே வரக் கூடாது.

ஒரே ஊரைச் சேர்ந்த 18 பேர், ஊருக்கே தெரிந்த செய்தி, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஊருக்குத் தெரிவது வேறு, அச்சில் ஏறி முன்பின் தெரியாதவர் கைக்குப் போவது வேறு. ஊராருக்கு அந்தப் பெண்ணின் முழு வாழ்க்கையும் தெரியும். திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை கொடுப்பவருக்கு அந்த ஒரு நாள் மட்டுமே தெரியவரும். அந்தப் பெண்களில் சிலர் பின்னாளில் முகம் மறைக்காமல் பேசினார்களே என்றும் சொல்லலாம். பேசினார்கள், அந்தத் துணிவுக்கு முன் தலைவணங்குகிறேன். ஆனால் எப்போது பேசுவது, யாரிடம், எந்த அளவுக்கு என்று முடிவெடுத்தவர்கள் அவர்களே. 228-ஏ பிரிவும் பாதிக்கப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் வெளியிடலாம் என்றே சொன்னது. அவர்கள் பேசியது, செய்தி அவர்களுக்குச் சொந்தம் என்பதற்கே சாட்சி. பகிரங்கம் இல்லாமல் இந்த வழக்கு வென்றிருக்காது என்ற வாதத்தையும் ஏற்கிறேன். பகிரங்கமாக வேண்டியது அதிகாரிகளின் செயல், அது ஆனது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் தண்டனைகளை உறுதிசெய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டார். அந்த நீதி கிடைக்க எந்தப் பெண்ணின் பெயரும் செய்தித்தாளில் வர வேண்டியிருக்கவில்லை.

இன்று ஆபத்து வேறு வழியாக வருகிறது. வக்காலத்துடன் ஆதார் நகல், பட்டா, சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவச் சான்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு கேஸ் கட்டு. அவை நீதிமன்ற வாசல் ஜெராக்ஸ் கடைக்கும், தட்டச்சு செய்பவரின் கணினிக்கும், ஜூனியரின் வாட்ஸ்அப்புக்கும் போகின்றன. 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நாயக்கன்கொட்டாய் பகுதியில் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. பாதுகாப்புக் கேட்டு வரும் இளம் தம்பதியின் முகவரி ஒரு குழுவில் பகிரப்பட்டால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.

சிறிய அலுவலகங்களுக்குப் பெரிய நிறுவனங்களைப் போலச் செலவு செய்ய முடியாது என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் சட்டம் அந்த வாசலை முழுதாகத் திறந்துவிடவில்லை. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான பணிகளுக்குப் பல விலக்குகள் தருகிறது. ஆனால் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் கடமைக்கு விலக்கு இல்லை. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொன்னது: கட்சிக்காரரின் விவரம் கேட்டு வக்கீலுக்குப் புலனாய்வாளர் நினைத்தபடி சம்மன் அனுப்ப முடியாது, வக்கீலின் கணினியோ போனோ வேண்டுமென்றால் நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்கப்பட வேண்டும், அதைத் திறக்கும்போது மற்றக் கட்சிக்காரர்களின் செய்திகள் வெளிப்படக் கூடாது.

பூட்டுள்ள அலமாரி, கடவுச்சொல் வைத்த கணினி, வேலைக்குச் சேரும் நாளிலேயே குமாஸ்தாவுக்கு 132-ஆம் பிரிவைப் படித்துக் காட்டுவது, ஜெராக்ஸ் எடுக்கும்போது கூடவே நிற்பது, முடிந்த வழக்கின் நகல்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் கிழித்து அழிப்பது. இவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தருமபுரி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு வழக்கறிஞர் சங்கங்கள் இவற்றைத் தங்கள் உறுப்பினர்களுக்குக் கட்டாய நடைமுறையாக்க வேண்டும். வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களும், தங்கள் காகிதங்கள் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.